அக்டோபரில் நரிக்குடிச் சீமையில் நடப்பதெல்லாம் தெரியுமா?

மழை பெய்த பிறகுதானே விதைப்பார்கள்? அதுதானே நமக்குத் தெரிந்த கணக்கு? மழைக்கு முன்னாலேயே, கால் வைத்தால் புகை கிளம்பும் காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு, வானத்தை அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கும் சீமை ஒன்று இருக்கிறது, தெரியுமா? விருதுநகர் மாவட்டம், திருச்சுழி வட்டம், நரிக்குடி! மானாமதுரையில் ரயிலேறி விருதுநகர் பக்கம் போனால் நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என்று நிலையங்கள் வரிசையாக வரும். அக்டோபர் முதல் வாரத்தில் அந்தப் பாதையில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெறும் பொட்டல்தான் தெரியும். அங்கங்கே சீமைக்கருவேல், நாலு பனை, இரண்டு வெள்ளாட்டு மந்தை. ஆனால் அந்தப் பொட்டலுக்கு அடியில் நெல் படுத்திருக்கிறது!

இதற்குப் பெயர் புழுதி விதைப்பு. கோடையில் கிடைக்கும் ஒன்றிரண்டு மழையிலேயே நிலத்தை உழுது, கட்டி உடைத்து, மாவாக்கி வைத்துவிடுகிறார்கள். ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ விதையைத் தூவி மேலாக ஓர் உழவு. அவ்வளவுதான். நாற்றங்கால் கிடையாது, நடவு கிடையாது. எறும்புக்கும் குருவிக்கும் எலிக்கும் போக மிச்ச விதை மண்ணுக்குள் கிடக்கும். இதில் பெரிய ஆபத்து எது தெரியுமா? மழை பெய்யாமல் போவது அல்ல. கொஞ்சமாகப் பெய்துவிட்டுப் போவதுதான்! அரைகுறைத் தூறலை நம்பி விதை முளைவிட்டுவிட்டால், அடுத்த நாலைந்து நாள் வெயிலில் அத்தனையும் கருகிவிடும். "பேஞ்சா நல்லாப் பேயணும், இல்லாட்டி பேயாமக் கிடக்கணும்" என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சரி, எதற்கு இவ்வளவு துணிச்சல்? கண்மாயில் தண்ணீர் வந்த பிறகு நாற்றுப் பாவி நட்டால் காலம் போய்விடும். புழுதியில் கிடக்கும் விதை முதல் மழையின் முதல் சொட்டையே வாங்கிக்கொண்டு எழுந்துவிடுகிறது. மார்கழியில் மழை நின்றுபோகும்போது பயிர் கதிர்ப் பருவத்தில் இருக்கும். அப்போது மட்டும் கண்மாய்த் தண்ணீர் இருந்தால் போதும். சித்திரைக்கார், குழியடிச்சான், நூற்றிப்பத்து என்று இந்த விதைப்புக்கு ஏற்ற, வறட்சி தாங்கும் நெல் வகைகளை ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ச் சம்சாரிகள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 1985 வரை இவையெல்லாம் ஒரே ராமநாதபுரம் மாவட்டம்தானே!

அக்டோபர் என்பது இங்கே ஒரு மாதம் இல்லை, இரண்டு அரைமாதங்கள். 16 அல்லது 17-ஆம் தேதி வரை புரட்டாசி, அதற்குப் பிறகு ஐப்பசி. இந்த இரண்டும் நேர் எதிரான குணம் கொண்டவை. பொன் உருகக் காய்ந்து மண் உருகப் பெய்வது புரட்டாசி என்பார்கள். பகல் பதினொரு மணிக்குச் சித்திரை வெயிலைத் தோற்கடிக்கும் காய்ச்சல், சாயங்காலம் நாலு மணிக்குக் கிழக்கே ஒரு கருக்கல், ஆறு மணிக்கு இடியும் மின்னலுமாக ஒரே அடி! ஐப்பசி பிறந்தாலோ அடைமழை. வானிலை ஆய்வுத் துறை வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குக் குறித்து வைத்திருக்கும் சராசரி நாள் அக்டோபர் 20. ஐப்பசி பிறந்து இரண்டு மூன்று நாள்! கருவி எதுவும் இல்லாத காலத்திலேயே மாதக் கணக்கை வைத்து இதைப் பிடித்துவிட்டார்கள்.

போகிற போக்கில் இன்னொன்று. ஆங்கில நாள்காட்டியின் அக்டோபரில் 10 நாள் காணாமல்போனது தெரியுமா? 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி நாள்காட்டியைத் திருத்தினார். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அக்டோபர் 4 இரவு படுத்தவர்கள் அக்டோபர் 15 காலையில் எழுந்தார்கள். புரட்டாசி, ஐப்பசிக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது!

மழைக்கு வருவோம். தென்மேற்குப் பருவமழை ஜூனில் கேரளத்தைக் கொட்டி நனைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும்போது மேகத்தில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. நரிக்குடிக்கு வருவது வெறுங்காற்றுதான். அக்டோபரில் காற்று திசை மாறுகிறது. வங்கக் கடலில் இருந்து ஈரம் சுமந்து கிழக்கே இருந்து வீசத் தொடங்குகிறது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. விருதுநகர் மாவட்டத்தில் அது ஏறத்தாழ 800தான். அதிலும் பாதியளவு அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற மூன்றே மாதங்களில் வந்தாக வேண்டும். சோறு, தீவனம், கிணற்று ஊற்று, கல்யாணம், கடன் எல்லாம் அந்தப் பாதியில்தான் தொங்குகிறது.

முதல் கனமழை விழுந்ததும் எழும் மண்வாசனை இருக்கிறதே, அதற்கு விஞ்ஞானத்தில் ஒரு பிறந்த ஆண்டு உண்டு, தெரியுமா? 1964-இல் ஆஸ்திரேலியாவின் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் என்ற இருவர் இந்த வாசனையை ஆராய்ந்து எழுதினார்கள். காய்ந்த மண்ணும் பாறையும் வெயில் காலத்தில் உறிஞ்சி வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள்கள் ஒருபக்கம். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் இன்னொரு பக்கம். லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தால்கூட மனித மூக்கு ஜியோஸ்மினைக் கண்டுபிடித்துவிடும்! அந்த நுண்ணுயிர் எதற்காக வாசனை கிளப்புகிறது? மண்ணில் வாழும் துள்ளுப்பூச்சி என்னும் குட்டி உயிர்களை வரவழைப்பதற்கு. அவை வந்து தின்றுவிட்டு, உடம்பில் ஒட்டிய வித்துகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. 2020-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் இந்த வாசனையைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தராகவே விற்கிறார்கள்! திருச்சுழி, அருப்புக்கோட்டைக் கரிசலில் அது காசில்லாமல் ஊருக்கே கிடைக்கிறது.

கரிசல் மண்ணுக்கு வேறொரு வித்தையும் தெரியும். கோடையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புக்குள் மேல்மண்ணும் சருகும் ஆட்டுப் புழுக்கையும் விழுந்துகொண்டே இருக்கும். மழை வந்ததும் களிமண் தண்ணீரைக் குடித்து ஊதிப்போய், வெடிப்பை மூடிக்கொள்ளும். மேல்மண் கீழே போனது, கீழ்மண் மேலே வந்தது. ஏர் வைக்காமலேயே மண் தன்னைத்தானே உழுதுகொண்டது! கலப்பையே படாத இடத்திலும் ஆண்டுதோறும் இந்த உழவு நடந்துகொண்டிருக்கிறது.

மழை விட்ட மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கரட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். "ஏய், பட்டுப்பூச்சிடா!" என்று ஒரு கூச்சல். செக்கச்செவேல் என்று, வெல்வெட் துணியில் கிள்ளியெடுத்தது மாதிரி, குன்றிமணியைவிடக் கொஞ்சம் பெரிய பூச்சி ஊர்ந்துகொண்டிருக்கும். தொட்டால் எட்டுக் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு செத்ததுபோலக் கிடக்கும். உள்ளங்கையில் வைத்து ஆடாமல் நின்றால், சற்று நேரத்தில் முன்னங்கால் இரண்டும் மெல்ல நீளும், பிறகு கூச்சம் காட்டிக்கொண்டு விரல் நுனிக்கு ஏறும். தீப்பெட்டிக்குள் புல்லைப் போட்டு அதை வளர்க்கப் பார்க்காத பிள்ளை இந்தப் பக்கத்தில் உண்டா? தம்பலப்பூச்சி என்றும் சொல்வார்கள். பூச்சி என்றாலும் அது சிலந்தி, தேள் இனத்துக்குத்தான் சொந்தம். கால் எட்டு இருக்கிறதே! ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு, பெருமழைக்குப் பிறகு சில மணி நேரம் மட்டும் வெளியே வருகிறது. எதற்கு? ஈசல் தின்பதற்கும் இணை சேர்வதற்கும்!

ஈசலும் அதே மழைக்குத்தான் காத்திருக்கிறது. புற்றுக்குள் மாதக்கணக்காகச் சிறகு வளர்த்து, வாசலில் காவல் கரையான்கள் நிற்க, சரியான ஈரத்துக்காகத் தயாராக இருக்கும். பல புற்றுகள் ஒரே நேரத்தில் திறக்கும்! அப்போதுதானே ஒரு புற்றின் ராஜாவுக்கு இன்னொரு புற்றின் ராணி கிடைக்கும்? ஓணான், தவளை, கரிச்சான், கோழி, மனிதன் எல்லாருக்கும் அன்று விருந்து. புற்று வாயில் விளக்கு வைத்து, குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி ஈசல் பிடிப்பார்கள். காயவைத்துச் சிறகைப் புடைத்து, வறுத்து, பொரியும் பொட்டுக்கடலையும் சேர்த்தால் அது அப்பத்தாக்கள் காலத்துப் பருவமழைத் தீனி. தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டு ஜோடிதான் சிறகை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் போய்ப் புதுப் புற்றுக்கு அடி போடும். அப்படிப் போன ராணி பத்து ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கலாம்!

காய்ந்து வெடித்துக் கிடந்த கண்மாயில் தண்ணீர் வந்த சில நாளிலேயே மீன் துள்ளுகிறதே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? வரத்துக் கால்வாயில் ஏறி வந்தது கொஞ்சம். ஆனால் விரால் பல நேரம் எங்கேயும் போகவே இல்லை. கண்மாய் வற்றும்போது பள்ளத்துச் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். உடம்பில் ஈரப்பசை இருக்கும்வரை காற்றைச் சுவாசித்தே உயிர் பிடித்துக் கிடக்கும். பனையேறிக் கெண்டை இன்னும் ஒரு படி மேலே! ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊர்ந்து குளம் விட்டுக் குளம் போகும். தரங்கம்பாடியில் பனைமரப் பட்டையின் இடுக்கிலிருந்து ஒன்றைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டென்மார்க் படை அதிகாரி எழுதிய குறிப்பு 1797-இல் வெளியானதும் ஐரோப்பா வாயைப் பிளந்தது. மரம் ஏறுமா ஏறாதா என்று அறிஞர்கள் அதன்பிறகு நெடுங்காலம் சண்டை போட்டார்கள். கால்வாய் மேட்டில் அது தத்தித் தத்திப் போவதை நம் ஊர்ச் சிறுவர்கள் மழைக்கு மழை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

தவளையைச் சொல்லாமல் விட்டால் அக்டோபர் கோபித்துக்கொள்ளும். பழுப்பும் பச்சையுமாகக் கிடந்த பெரிய தவளை, பெருமழை இரவில் எலுமிச்சை மஞ்சளாக மாறிவிடுகிறது! ஆண் தவளைதான். கழுத்தின் இரு பக்கமும் நீல நிறப் பை உப்பும். அந்த நிறம் கொஞ்ச நாள்தான் நிற்கும். பெண் தவளை முட்டையிட்டு முடிந்ததும் பழையபடி பழுப்பு.

இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. மழைக்கு முன்னும் பின்னும் வயல்மேட்டில் கூட்டம் கூட்டமாகத் தட்டான் பறக்குமே, அது எங்கே போகிறது தெரியுமா? ஆப்பிரிக்காவுக்கு! நம்ப முடிகிறதா? மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சனுக்கு ஒரு சந்தேகம். தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரே அபூர்வமான தீவுகளில், ஆண்டுதோறும் அக்டோபரில் லட்சக்கணக்கான தட்டான்கள் எப்படி வந்து இறங்குகின்றன? தட்டான் முட்டையிட நல்ல தண்ணீர் வேண்டுமே! வருடக்கணக்காக நாள் குறித்துவைத்துப் பார்த்தார். தென்னிந்தியாவில் முதலில் தெரிகிறது, பிறகு மாலத்தீவில், அதன்பின் செஷல்ஸில், கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்காவில். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் வீசும் வடகிழக்குக் காற்றில் ஏறிக்கொண்டு இந்தியப் பெருங்கடலையே கடக்கின்றன என்று 2009-இல் எழுதினார். போய்த் திரும்பும் மொத்தத் தூரம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர்! ஒரே தட்டான் இதைச் செய்வதில்லை. நாலு தலைமுறை சேர்ந்து ஒரு சுற்றை முடிக்கின்றன. அரைக் கிராம் எடைகூட இல்லாத உயிர்! மழையில் தேங்கும் குட்டையில் முட்டையிட்டு, ஆறு வாரம் போல வளர்ந்து, குட்டை வற்றுவதற்குள் பறந்துவிடும். கண்மாய்க் கரையில் பிள்ளைகள் வாலில் நூல் கட்டி விளையாடிய அந்தத் தட்டான்! தயவுசெய்து அந்த நூலை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஒரு பெருங்கடல் கிடக்கிறது.

இனி மனிதர்கள் கொண்டாட்டம். புரட்டாசியில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அம்மனுக்குப் பொங்கல் வைத்து முளைப்பாரி எடுப்பார்கள். பானையிலோ ஓட்டிலோ வைக்கோல் பரப்பி, மண்ணும் எருவும் நிரப்பி, ஊறவைத்த தானியங்களைத் தூவி, வெளிச்சம் படாத வீட்டில் வைத்து வளர்ப்பார்கள். ஏழு முதல் ஒன்பது நாள். உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பது பெண்கள் மட்டும். ராத்திரியானால் நடுவில் வைத்துச் சுற்றிலும் கும்மி! வெயில் படாததால் முளையெல்லாம் வெளிறிய மஞ்சளாக, முழ உயரத்துக்கு நெட்டுக்குத்தாக நிற்கும். ஊர்வலமாகத் தலையில் தூக்கிக்கொண்டு போய்க் கண்மாயிலோ ஊருணியிலோ கரைப்பார்கள்.

இதை வெறும் நேர்த்திக்கடனாகப் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். விதைப்புக்குச் சற்று முன்னால் ஊரில் உள்ள வீட்டு விதையெல்லாம் ஒரே இடத்தில், ஒரே மண்ணில், ஒரே தண்ணீரில் முளைத்துக் காட்டுகிறது! எந்த வீட்டுப் பயறு திமிறிக்கொண்டு வந்தது, எந்த வீட்டுச் சோளம் சூம்பிப்போனது என்பது பத்து நாளில் ஊருக்கே வெளிச்சம். முளைப்புத் திறன் சோதனை என்று வேளாண்மைக் கல்லூரியில் தட்டில் ஈரத்தாள் விரித்துச் செய்வதை, இவர்கள் கும்மியடித்துச் செய்திருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். பெண்கள் கையில்தானே வீட்டு விதை இருந்தது!

நெல் மட்டும்தான் விதை என்று எண்ண வேண்டாம். குதிரைவாலி இந்தச் சீமையின் செல்லப் பயிர். திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடிப் பக்கங்களில் புரட்டாசிப் பட்டத்தில் விதைத்தால் தை பிறப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடும். ஐப்பசி ஈரத்தில் மல்லி போடுவார்கள். மல்லி விதையை அப்படியே போடக் கூடாது, தெரியுமா? தரையில் பரப்பித் தேய்த்து இரண்டாக உடைத்துத்தான் விதைக்க வேண்டும். ஒரு மணி என்று நாம் நினைப்பது உண்மையில் இரட்டை விதை! மழை நின்றபிறகு கரிசல் பிடித்து வைத்த ஈரத்திலும் மார்கழிப் பனியிலுமே மல்லியும் கொண்டைக்கடலையும் விளைந்துவிடும். கருங்கண்ணிப் பருத்தியும் ஒரு காலத்தில் இப்படி ஐப்பசி மழையை மட்டுமே நம்பி இந்தக் கரிசலை வெள்ளையாக்கியது. பனங்கொட்டையைக் குவித்து மண் மூடிப் பாத்தி போடுவதும் இந்த நாள்களில்தான். பொங்கலுக்குக் கிழங்கு வேண்டுமே!

அக்டோபர் 2 காந்தி பிறந்த நாள், எல்லாருக்கும் தெரியும். விருதுநகரின் காமராசர் மறைந்ததும் அதே அக்டோபர் 2, 1975. அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. கண்மாய்க் கரை, மடை, வரத்துக் கால்வாய் பற்றிப் பேச மழைக்கு முன்னால் கிடைக்கும் கடைசிச் சபை அதுதான். அடுத்தது நவம்பர் 1. அதற்குள் கரை உடையவேண்டியது உடைந்துவிடும்! ஆகவே அக்டோபர் 2 அன்று சபைக்குப் போங்கள்.

அக்டோபர் கடைசி வாரத்தில் இந்த வட்டாரச் சாலைகள் நிரம்பி வழியும். காரணம் 1801. பெரிய மருதுவும் சின்ன மருதுவும் பிறந்த முக்குளம் எங்கே இருக்கிறது தெரியுமா? நரிக்குடிக்குப் பக்கத்தில்! சிவகங்கைச் சீமையை ஆண்டவர்களின் பிறந்த மண் இந்தப் பொட்டல்காடு. ராமேசுவரம் போகிற யாத்திரைக்காரர்கள் தங்கவும் உண்ணவும் நரிக்குடியில் அவர்கள் சத்திரம் கட்டினார்கள். 1801 ஜூன் 16-ஆம் தேதியிட்ட, சாதி மதம் பாராமல் எல்லாரும் எழுந்து வெள்ளையரை விரட்டும்படி சின்ன மருது விடுத்த அறிக்கை திருச்சிக் கோட்டைச் சுவரிலும் சீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமிக்கு அப்போது 15 வயது போல. 1802 பிப்ரவரியில் அவரையும் மற்றவர்களையும் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

நெஞ்சை உலுக்கும் சேதி இதற்கு அப்புறம்தான். மருதுகளுக்கு எதிரான படையில் இருந்த கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் பின்னாளில் நினைவுக் குறிப்பு எழுதினார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று அதில் எழுதியிருக்கிறார்! குரு ஒரு பக்கம், சீடர் எதிர்ப் பக்கம். வருடங்கள் கழித்துப் பினாங்கில் துரைச்சாமியை, நொடிந்துபோன நிலையில், பார்த்ததையும் அவரே பதிவு செய்திருக்கிறார். வெற்றி பெற்றவன் எழுதிய புத்தகத்திலிருந்துதான் தோற்றவரின் பெருந்தன்மை நமக்குத் தெரியவருகிறது. 2004 அக்டோபரில் அஞ்சல் துறை மருது சகோதரர்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அக்டோபர் 24 திருப்பத்தூரில், 27 காளையார்கோவிலில் என்று ஆண்டுதோறும் மக்கள் திரள்கிறார்கள். அடுத்து 30-ஆம் தேதி, கமுதிப் பக்கம் பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் குருபூசை. அவர் 1908-இல் பிறந்ததும் 1963-இல் மறைந்ததும் அதே அக்டோபர் 30!

அதே திருப்பத்தூருக்குப் பக்கத்தில் இன்னோர் அதிசயம். தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்காத கிராமம் கொள்ளுக்குடிப்பட்டி! வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் அங்கே இருக்கிறது. 1977-இல் அறிவிக்கப்பட்டது. மழையோடு உண்ணிக்கொக்கும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் வந்து கூடு கட்டும் காலமும் தீபாவளியும் ஒன்றாக வருகின்றன. வெடிச் சத்தத்துக்குப் பறவை கூட்டைவிட்டுப் போய்விட்டால் குஞ்சு என்ன ஆகும்? எனவே ஊரே பல பத்தாண்டுகளாக வெடிப்பதில்லை. சட்டம் போட்டுத் தடுத்தது இல்லை, ஊர்க்கட்டுப்பாடும் இரக்கமும்தான். வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்புக் கொண்டுவந்து கொடுத்து நன்றி சொல்வார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். தீபாவளியன்று கையில் ஒரு சரவெடிகூட இல்லாமல், மரத்தில் இருக்கும் குஞ்சுகளுக்காகச் சந்தோஷப்படும் பிள்ளைகள்!

இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி எங்கே பிறக்கிறது? நரிக்குடி இருக்கும் அதே விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியில். மழை குறைவு, வெயில் அதிகம், மருந்து சீக்கிரம் காயும். விவசாயம் கைவிட்ட வறட்சியே தொழிலுக்கு முதலாயிற்று. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததில் தொடங்கிய கதை அது. ஊரெல்லாம் மழை வேண்டிக் கும்பிடும் அக்டோபரில், சிவகாசியில் உலரப் போட்ட சரக்கு நனையக் கூடாதே என்று கவலை!

கரிசல் வீட்டுத் தீபாவளியின் பெரிய அதிசயம் பட்டாசு இல்லை, இட்லி! கம்பும் சோளமும் குதிரைவாலியும் தின்று வாழ்ந்த காலத்தில் நெல்லுச்சோறே நாளுக்கும் கிழமைக்கும்தான். தீபாவளி விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, அடுப்படியில் ஆவி பறக்கும் இட்லிக்கும் ஆட்டுக்கறிக் குழம்புக்கும் உட்கார்ந்த பிள்ளைகளின் குஷியை அப்பத்தாக்களைக் கேட்டால் இன்றும் கண் விரியச் சொல்வார்கள். கறியும் கடையில் வாங்கியது இல்லை. நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடா பிடித்து, வெட்டி, பனையோலையில் கூறு போட்டுப் பிரித்துக்கொள்வது. தீபாவளிக்கு முந்தைய வாரம் திருப்புவனம் ஆட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், நிற்க இடம் இருக்காது.

ஐப்பசிப் பௌர்ணமிக்குச் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். லிங்கம் முழுக்கச் சோற்றால் மூடிவிடுவார்கள். சுந்தரர் பாடிய திருச்சுழித் திருமேனிநாதருக்கு ஒரு தலபுராணக் கதை உண்டு. உலகை மூழ்கடிக்க வந்த பெருவெள்ளத்தைச் சூலத்தால் தரையைக் குத்தித் துளை போட்டு, சுழித்துக்கொண்டு பாதாளத்துக்குள் போகச் செய்தாராம் சிவன். குண்டாற்றில் ஆண்டுக்குச் சில நாள் தண்ணீர் ஓடினாலே பெரிது என்றிருக்கும் ஊரில், வெள்ளத்தை வடித்த சாமி! ரமண மகரிஷி 1879-இல் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

எல்லாம் சரி, அக்டோபரின் உச்சக் கொண்டாட்டம் எது தெரியுமா? நாள்காட்டியில் அதற்குத் தேதி கிடையாது. கண்மாய் நிறைந்து மறுகால் பாயும் நாள்! மதுரை நாகமலைப் பக்கம் தொடங்கி, நகரத்துக்குள் சாக்கடையாகச் சீரழிந்து, அதையும் தாண்டி உயிரோடு நரிக்குடிப் பக்கம் வருகிறதே கிருதுமால் நதி, அதில் வைகைத் தண்ணீர் திறந்துவிட வேண்டும் என்று இங்கே உள்ள விவசாயிகள் வருடா வருடம் போராடுகிறார்கள். அது வந்தாலும் சரி, வானமே கொட்டினாலும் சரி, கண்மாய் நிறையும் ராத்திரி ஊரில் யாரும் தூங்குவதில்லை. டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாகக் கரையில் நடமாட்டம். நண்டு வளை இருக்கிறதா, எலி பறித்திருக்கிறதா, எங்கேயாவது கசிகிறதா என்று காலால் மிதித்து மிதித்துப் பார்ப்பார்கள். கசிவு கண்டால் சாக்கில் மண் நிரப்பிப் போட வேண்டும். தமிழ்நாட்டில் இருக்கும் சுமார் 39,000 ஏரி, கண்மாய்களில் ராமநாதபுரம் சீமையின் கண்மாய்கள் தனி வகை. ஒன்றின் கழிவு இன்னொன்றின் வரத்து. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேரெடுத்த ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் முதல், பெயரே வெளியில் தெரியாத சின்னக் கண்மாய் வரை இந்தச் சங்கிலிதான்.

விடியும்போது கலுங்கு வழியாக முதல் தண்ணீர் வழியும். பெண்கள் குலவை போடுவார்கள். தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, பூமாலையைத் தண்ணீரில் விடுவார்கள். கரையில் இருக்கும் கருப்பசாமிக்குக் கிடா நேர்ந்தவர்கள் அன்றே வெட்டுவதும் உண்டு. இளவட்டங்கள் எதிரேறி வரும் கெளுத்தியையும் கெண்டையையும் கொசுவலை, பழைய சேலை, கூடை என்று கையில் கிடைத்ததை வைத்துப் பிடிப்பார்கள். "மாமா, எங்க கண்மாய் மறுகால் பாயுது!" என்று கீழூருக்குப் போன் போகும். அந்தப் போனை வைத்த கையோடு கீழூர்க்காரர்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு, தங்கள் வரத்துக் கால்வாயில் சீமைக்கருவேல் எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். தண்ணீர் வந்து சேர இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது!